மொழியும் மெய்யும்

(திண்டுக்கல் நாகல் நகரில் கூடிய நம் சபையின் மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



இவ்வவையிற் பேசுமாறு காரியதரிசி அவர்கள் எம்மைப் பணித்தபொழுது, "இலக்கணம் வேண்டாம், குடும்பங்களுக்குப் பயன்படும்படி ஏதேனும் சொல்லுங்கள்" என்று ஒரு நிபந்தனையும் விதித்தார்கள். யாமோ இலக்கணம் கற்பித்தே வயிறு வளர்க்கின்றோம். ஆதலின் அந்நிபந்தனையைச் சிறிது மீறுதற்கு முதற்கண் மன்னிப்பு வேண்டுகின்றோம். மொழியானது நம் மூளையையும் உடலையும் எங்ஙனம் ஆக்குகின்றது என்பதே இன்று யாம் எடுத்துக்கொண்ட பொருள். இது மருத்துவர் பேசவேண்டிய பொருளன்றோ எனச் சிலர் எண்ணக்கூடும். நம் தெருவில் நிகழ்ந்த ஒன்று, எம்முடைய பிழையால் நிகழ்ந்த ஒன்று, எம்மை இப்பொருளிற் செலுத்தியது. அதனை உரிய இடத்திற் கூறுவோம்.

எழுத்து பிறக்கும் இடம்

தமிழ் இலக்கண நூலார் எழுத்துக்களுக்கு உயிர் என்றும் மெய் என்றும் பெயரிட்டனர். மெய் என்பது உடம்பு. எழுத்தை உடம்பாகக் கண்ட அவர்கள், அவ்வெழுத்து நம் உடம்பில் எவ்விடத்தே பிறக்கின்றது என்பதையும் ஆராய்ந்தனர். தொல்காப்பியத்து எழுத்ததிகாரத்திற் பிறப்பியல் என்றோர் இயல் உண்டு. கொப்பூழிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு என்னும் மூவிடத்தும் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பவற்றோடு பொருந்தி வெவ்வேறு எழுத்தாகின்றது என்பது அவ்வியலின் கருத்து. ஆக எட்டு உறுப்பு. இதனை மாணாக்கர் தேர்வுக்காக மனப்பாடம் செய்கின்றனர். தம் உடலைப் பற்றியே படிக்கின்றோம் என்பதை மட்டும் பெரும்பாலோர் உணர்வதில்லை. இக்காலத்து உடல்நூலார், காற்று நுரையீரலினின்றும் எழுகின்றது என்றும், மிடற்றிலுள்ள குரல்நாண்கள் அதிர்தலால் ஒலி உண்டாகின்றது என்றும் விளக்குவர். அக்காற்றை அளந்து வெளியே விடுதற்கு வயிற்றுத் தசைகளும் உழைக்கின்றன. ஆதலின் வயிற்றையும் ஒரிடமாகக் கொண்ட பழையோர் கூற்றில் உண்மையில்லை என்று தள்ளுதல் இயலாது.

ழகரத்தை ஒலிக்க நாநுனி மேல்நோக்கி வளைதல் வேண்டும். தமிழ் கேட்டு வளராதவர் முதிர்ந்த பருவத்தில் இதனை முயன்றால் நா பணிய மறுக்கின்றது. அவர் நாவும் நம் நாவும் ஒரே வகைத் தசையாலானவை, பழக்கமே வேறு. நம் வீட்டு மொழியாகிய சௌராஷ்டிரத்தை எடுத்துக்கொள்வோம். அதில் ம, ந, ர, ல என்னும் ஒலிகளோடு மூச்சுக் கலந்து வரும் சொற்கள் உள்ளன. தமிழில் அவ்வொலிகள் இல்லை. அவற்றை எழுதத் தமிழ் நெடுங்கணக்கில் எழுத்தும் இல்லை. சௌராஷ்டிர எழுத்திலோ அதற்கென்றே 'ஹாரு' என்னும் குறியுண்டு. 2008-ஆம் ஆண்டில் நம் எழுத்து, உலகக் கணினிகளுக்குப் பொதுவாகிய யூனிகோடு தொகுதியிற் சேர்ந்தபோது அக்குறியும் தனக்குரிய இடத்தைப் பெற்றது. நம் வீட்டுக் குழந்தை இந்த மூச்சொலியையும் அறியும். தெருவிற் கேட்கும் ழகரத்தையும் அறியும். ஒரே வாயில் இரண்டு பயிற்சி.

மூளையில் மொழிக்கு இடம்

இனி வாயை விட்டுத் தலைக்குட் செல்வோம். 1861-ஆம் ஆண்டு பாரிஸ் நகரத்து மருத்துவர் புரோக்கா என்பவர், பல்லாண்டாக 'டான்' என்னும் ஓரசையைத் தவிர வேறொன்றும் பேசவியலாதிருந்த ஒரு நோயாளியைக் கண்டார். பிறர் சொல்வது அந்நோயாளிக்கு விளங்கியது. விடை கூறத்தான் சொல் எழவில்லை. அவர் இறந்தபின் மூளையை ஆராய்ந்தபோது, இடப்பக்கத்து முன்பகுதியிற் பழுது காணப்பட்டது. 1874-ஆம் ஆண்டில் வெர்னிக்கே என்னும் ஜெர்மானிய மருத்துவர், மூளையின் இடப்பக்கத்தே சற்றுப் பின்னுள்ள வேறொரு பகுதி பழுதுற்றால், பேச்சு சரளமாக வரினும் பொருள் சிதைந்துபோதலை எடுத்துக்காட்டினார். வலக்கை செயலிழந்த பக்கவாத நோயாளர் பலர் பேச்சையும் இழப்பது இதனாலேயே. உடலின் வலப்பக்கத்தை ஆள்வது மூளையின் இடப்பக்கம். பெரும்பாலோர்க்கு மொழிக்குரிய முதன்மையிடமும் அதுவே. பிற்காலத்தார் ஆராய்ச்சியால், மொழி ஓரிரண்டு இடங்களில் அடங்குவதன்று, மூளையின் பல பகுதிகள் இணைந்து செய்யும் தொழில் என்பது தெளிவாயிற்று.

தொட்டிலுக்கு முன்பே

இவ்விணைப்பு எப்பொழுது தொடங்குகின்றது? பள்ளியிற் சேர்த்த நாளிலன்று; பிறந்த நாளிலுமன்று. கருவிலுள்ள குழந்தை பிறப்பதற்குச் சில திங்கள் முன்னரே ஒலியைக் கேட்கின்றது. தாயின் குரல் அதற்கு உடலின் வழியே சென்று சேர்கின்றது. 2009-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், பிறந்து சில நாளே ஆன பிரெஞ்சுக் குழந்தைகள் 30, ஜெர்மானியக் குழந்தைகள் 30 ஆகியவற்றின் அழுகையைப் பதிவு செய்து ஒப்பிட்டனர். பிரெஞ்சுக் குழந்தைகளின் அழுகை பெரும்பாலும் தாழ்ந்து தொடங்கி உயர்ந்தது. ஜெர்மானியக் குழந்தைகளின் அழுகை உயர்ந்து தொடங்கித் தாழ்ந்தது. அவ்வம்மொழியின் இசைப்போக்கும் அத்தகையதே. பேசத் தெரியாத குழந்தை அழும்போதே தாயின் மொழியில் அழுகின்றது என்றால் அது மிகையாகாது.

1984-ஆம் ஆண்டில் கனடா நாட்டில் வெர்க்கர், டீஸ் என்னும் இருவர் வெளியிட்ட ஆராய்ச்சி நமக்கு இன்னும் நெருக்கமானது. டகரத்துக்கும் தகரத்துக்கும் போன்ற வேறுபாடு இந்தி மொழியில் உண்டு, ஆங்கிலத்தில் இல்லை. ஆங்கிலமே கேட்டு வளரும் குழந்தைகள் 6 முதல் 8 திங்கள் வரையில் அவ்வேறுபாட்டை எளிதில் உணர்ந்தன. 10 முதல் 12 திங்களுக்குள் அவ்வாற்றல் பெரிதும் குறைந்தது. இந்தி கேட்டு வளர்ந்த குழந்தைகளிடத்து அது குறையவில்லை. எல்லா மொழிகளின் ஒலிக்கும் திறந்திருக்கும் செவி, தான் கேட்கும் மொழிக்கேற்பத் தன்னை அமைத்துக்கொள்கின்றது. கேளாத ஒலிக்குரிய வாயில் ஓராண்டுக்குள்ளாகவே குறுகத் தொடங்குகின்றது.

"அப்படியாயின் கைப்பேசியிற் பாட்டும் கதையும் போட்டுவிடுகின்றோம், குழந்தை கற்றுக்கொள்ளட்டும்" என்று சில தாய்மார் கருதலாம். 2003-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் குல் என்னும் அம்மையாரும் அவர் குழுவினரும் இதனையே சோதித்தனர். ஆங்கில வீடுகளைச் சேர்ந்த 9 திங்கட் குழந்தைகளோடு சீனமொழி பேசுவோர் 12 முறை அமர்ந்து விளையாடிக் கதை படித்தனர். அக்குழந்தைகள் சீனமொழியின் ஒலி வேறுபாட்டை நன்கு பிடித்துக்கொண்டன. அதே ஆட்களை, அதே கதைகளைப் படமாகக் காட்டியபோது வேறு குழந்தைகள் ஒன்றும் கற்கவில்லை. குழந்தைக்கு மொழி மனித முகத்தினின்றும் வருகின்றது. நம் வீடுகளில் தறிக்குப் பக்கத்தில் அமர்ந்து தார் சுற்றிக்கொண்டே பேரப்பிள்ளையோடு ஓயாது பேசும் பாட்டிமார், ஒருவரும் கற்பியாமலே இவ்வுண்மையை அறிந்திருந்தனர்.

எம் பிழை

இனி யாம் சொல்வதாகக் கூறிய நிகழ்ச்சிக்கு வருவோம்.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர், யாம் ஆசிரியத் தொழிலிற் புதிதாக நுழைந்திருந்த காலத்தில், நம் இனத்துப் பையன் ஒருவன் எம் வகுப்பில் இருந்தான். சொல்லெழுதுதலில் ல, ள, ழ மூன்றையும் குழப்புவான். அவன் பெற்றோரை அழைத்து, "வீட்டில் நம் பாஷை பேசுவதே இதற்குக் காரணம்; இன்று முதல் தமிழே பேசுங்கள்; பாட்டியிடமும் சொல்லிவிடுங்கள்" என்று யாம் அறிவுரை வழங்கினோம். தமிழ் படித்தோம் என்னும் செருக்கு எம்மை அவ்வாறு பேசச்செய்தது. எம் தாயோடு யாம் பேசுவது நம் மொழியே என்பதும், அதனால் எம் தமிழ் கெடவில்லை என்பதும் அன்று எமக்குத் தோன்றவில்லை.

அவர்கள் எம் சொல்லை அவ்வாறே கைக்கொண்டனர். பையனின் மதிப்பெண் உயர்ந்தது உண்மை. மாலைதோறும் அவனை யாம் தனியே எழுதப் பழக்கியமையால் உயர்ந்தது. பாட்டியோ, கடைத்தெருவுக்குப் போதுமான தமிழே தெரிந்தவர். பேரப்பிள்ளைகளோடு பேச்சைக் குறைத்துக்கொண்டார். அன்று தொட்டிலிற் கிடந்த பேத்தி நம் மொழியின் ஒரு சொல்லையும் அறியாமல் வளர்ந்தாள்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்பாட்டியைப் பக்கவாதம் தாக்கியது. வலக்கை வீழ்ந்தது, பேச்சும் நின்றது. சில நாளில் நம் மொழிச் சொற்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின, தமிழ் திரும்பவில்லை. பெற்றோர் தொழிலுக்குச் சென்ற நேரமெல்லாம் அருகிலிருந்து தொண்டு செய்தவள் அப்பேத்தி. கிழவியார் ஒரே சொற்றொடரைத் திரும்பத் திரும்பச் சொல்லுவார். விடை வாராமையால் இடக்கையாற் கட்டிலைத் தட்டி அழுவார். ஒரு நாள் அச்சிறுமி எம்மைத் தேடி வந்து அழைத்துச் சென்றாள். யாம் அருகே குனிந்து கேட்டோம். "சாப்பிட்டாயா, சாப்பிட்டாயா" என்று அவர் அவளைக் கேட்டுக்கொண்டிருந்தார். அதனைத் தமிழிற் சொன்னோம். "பாட்டி என்னைத் திட்டுகிறார்கள் என்று நினைத்தேன், சார்" என்றாள் அவள். எம்மால் அவள் முகத்தைப் பார்க்க இயலவில்லை.

முதுமையில் மொழி

பன்மொழி அறிந்தோர் மூளை பழுதுறும்போது எம்மொழி முதலில் மீளும் என்பதை மருத்துவர் நெடுங்காலமாக ஆராய்கின்றனர். முதலிற் கற்றதே முதலில் மீளும் என்பது பிரெஞ்சு அறிஞர் ரிபோ 1881-இற் கூறிய கருத்தோடு பொருந்துவது. நோய்க்கு முன் மிகுதியும் வழங்கியதே மீளும் என்றார் 1895-இல் பித்ரே என்பவர். இரண்டிற்கும் சான்று உண்டு. சிலர்க்கு எல்லா மொழியும் ஒருங்கே மீள்கின்றன. ஆதலின் நம் முதியோர் எவர்க்கு எம்மொழி எஞ்சும் என முன்னறிதல் இயலாது. எஞ்சியது எதுவாயினும் அதற்கு மறுமொழி சொல்ல வீட்டில் ஒருவர் இருத்தல் வேண்டும்.

இருமொழி அறிவு முதுமையில் மூளைக்குக் காவலாகுமா என்பதை நம் நாட்டிலேயே ஆராய்ந்திருக்கின்றனர். ஐதராபாத்து நிசாம் மருத்துவக் கழகத்தில் சுவர்ணா அல்லாடி என்னும் அம்மையார் குழுவினர், முதுமை மறதிநோயாளர் 648 பேரை ஆராய்ந்து 2013-இல் முடிவை வெளியிட்டனர். தெலுங்கு, இந்தி, தக்கணி முதலிய மொழிகளுள் இரண்டோ பலவோ பேசுவோர்க்கு, ஒரு மொழியே பேசுவோரினும் நாலரை ஆண்டு பிந்தி அந்நோய் தோன்றியது. எழுத்தறியாதாரிடத்தும் இவ்வேறுபாடு காணப்பட்டமையின், இது பள்ளிப்படிப்பால் மட்டும் வந்த பயனன்று. 2016-இல் அதே நகரத்திற் பக்கவாத நோயாளர் 608 பேரை ஆராய்ந்தபோது, அறிவாற்றல் குன்றாது மீண்டோர் இருமொழியாளருள் 100-க்கு 40.5, ஒருமொழியாளருள் 19.6. பேச்சிழப்பு நேர்வதில் மட்டும் இருசாராரிடையே வேற்றுமையில்லை. பிற நாடுகளில் நிகழ்ந்த சில ஆராய்ச்சிகளில் இத்துணைப் பயன் காணப்படவில்லை என்பதையும் நேர்மைபற்றிச் சொல்லவேண்டும். இருமொழி நோயைத் தடுக்கும் மருந்தன்று. ஆயினும் இரண்டு மொழியை நாள்தோறும் மாற்றி மாற்றி வழங்கும் மூளை ஓயாத பயிற்சியுடையது என்பது பொருத்தமான கருத்தே.

இவ்வாராய்ச்சி ஐதராபாத்துக்கு மட்டும் உரியதன்று. நம் திண்டுக்கல்லை நோக்குங்கள். மலைக்கோட்டையின் அடியில் நின்று ஒரு நாழிகை செவிமடுத்தால், பேகம்பூர்ப் பக்கத்தார் வாயில் உருது; சுற்றுச் சிற்றூரிலிருந்து பூவும் காய்கறியும் கொண்டுவருவோர் சிலர் வாயில் தெலுங்கு; சின்னாளபட்டி நெசவாளர் சிலர் வாயிற் கன்னடம்; நாகல் நகரில் நம் மொழி. அனைவரும் ஒருவரோடொருவர் பேசுவது தமிழ். வீட்டுக்கு ஒன்று, வீதிக்கு ஒன்று என்பது இவ்வூர்க்கு நேற்று வந்த வழக்கமன்று.

சொல்லும் குருதியும்

மூளையோடு மொழியின் தொழில் முடிவதில்லை. அது குருதியிலும் தோலிலும் புகுகின்றது. அமெரிக்க நாட்டில் 7 முதல் 12 வயதுச் சிறுமியரைப் பலர்முன் பேசவும் கணக்குப் போடவும் செய்து கலக்கமுறச்செய்தனர். கலங்கும்போது உடலில் கார்ட்டிசால் என்னும் சுரப்புநீர் மிகும். பின்பு தாயோடு நேரிற் பேசியவர்க்கும், தொலைபேசியில் அவர் குரலைக் கேட்டவர்க்கும் அது விரைவில் தணிந்தது. அன்பின் சுரப்பு எனப்படும் ஆக்சிடோசின் மிகுந்தது. இது 2010-இல் வெளியாயிற்று. 2012-இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில், தாயின் சொற்களைக் குரலின்றி எழுத்துச் செய்தியாக மட்டும் பெற்றவர்க்கு அப்பயன் கிட்டவில்லை. தேற்றியது சொல்லின் பொருள் மட்டுமன்று, தாயின் குரல்.

துருக்கி மொழியைத் தாய்மொழியாகக் கொண்டு ஆங்கிலத்தைப் பின்னர்க் கற்றோரிடத்து 2003-இல் ஓர் ஆராய்ச்சி நிகழ்ந்தது. இளமையிற் கேட்ட கடிந்துரைகளை இருமொழியிலும் கேட்கச்செய்து, கையின் தோலில் எழும் நுண்ணிய வியர்வை மாறுதலை அளந்தனர். தாய்மொழிக் கடிந்துரைக்கே தோல் மிகுதியும் விடையளித்தது. ஆகவே தாய்மார்களே! வீட்டு மொழியில் நாம் சொல்லும் இன்சொல் உள்ளே ஆழச் செல்வதுபோல் வன்சொல்லும் ஆழச் செல்லும். வீட்டு மொழியைக் காக்க விரும்புவோர் அதனை வசைக்கு மட்டும் வழங்குதல் தகாது. "படிப்புக்கு ஆங்கிலம், வெளியே தமிழ், திட்டுவதற்கு நம் பாஷை" என்னும் வழக்கம் சில வீடுகளிற் புகுந்துவிட்டது. அவ்வீட்டுப் பிள்ளை அம்மொழியை வெறுத்தல் இயல்பே.

ஐயமும் விடையும்

"இரண்டு மொழி பேசினால் குழந்தை குழம்பாதா? பேச்சுத் தாமதமாகாதா?" என்பர். இருமொழிக் குழந்தைக்கு ஒவ்வொரு மொழியிலும் தெரிந்த சொற்கள் தொடக்கத்திற் சில குறையலாம். இரண்டையும் கூட்டினால் குறைவு தோன்றாது. ஒரு வாக்கியத்தில் இரண்டு மொழியைக் கலப்பதும் நோயன்று; நாமே கலக்கின்றோம். குழந்தை உரிய காலத்திற் பேசாவிடின், வீட்டு மொழியைக் குறை கூறிக் காலங்கடத்தாமல் முதலிற் செவியைச் சோதிக்க மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

"ஆங்கிலமன்றோ சோறு போடும்?" என்பாரும் உளர். ஆங்கிலம் கற்கவேண்டும், மறுப்பில்லை. தமிழை நன்கு கற்கவேண்டும் என்பதை எம்மினும் வற்புறுத்துவார் இவ்வூரில் இலர். எமக்குச் சோறிட்டது தமிழே. ஆனால் ஒன்றைப் பெற மற்றொன்றை வெட்ட வேண்டியதில்லை. நெசவுக்குடியினராகிய நமக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ? பாவு தனியே துணியாகாது. ஊடையும் தனியே துணியாகாது.

சான்று வேண்டுமாயின் நம்மவரையே பாருங்கள். நடனகோபால நாயகி சுவாமிகள் (1843–1914) சௌராஷ்டிரத்திலும் தமிழிலும் பாடல் இயற்றினார். நம் மொழி பேசும் வீட்டில் மதுரையிற் பிறந்த டி. எம். சௌந்தரராஜன் (1922–2013) அவர்களின் ழகரத்தையும் றகரத்தையும் கேட்டுத் தமிழகமே மகிழ்ந்தது. கும்பகோணத்து எம். வி. வெங்கட்ராம் (1920–2000) தமிழ் எழுத்தாளருள் முன்வரிசையினர். தம் செவிக்குள் ஓயாது ஒலிக்கும் குரல்களால் அலைப்புண்ட ஒருவன் கதையாகிய 'காதுகள்' என்னும் நாவலுக்கு 1993-இல் சாகித்திய அக்காதெமிப் பரிசு பெற்றார். வீட்டு மொழி இவர்தம் தமிழுக்குத் தடையாகவில்லை.

2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் சௌராஷ்டிரம் தம் தாய்மொழி என எழுதுவித்தோர் ஏறத்தாழ 2,47,000 பேர். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இராமராய் அவர்கள் நம் எழுத்தைச் சீர்செய்து அச்சிற் பாடநூல் வெளியிட உழைத்தார். ஜப்பானியராகிய உச்சிதா என்பவர் நம் மொழிக்கு அகராதி தொகுத்து 1990-இல் வெளியிட்டார். அயல்நாட்டார் ஒருவர் நம் சொற்களைத் தேடித் தொகுக்க, நாம் நம் தொட்டிலில் அவற்றை அடக்கி வைத்தல் அழகன்று.

வேண்டுகோள்

முடிவாகச் சில வேண்டுகோள். முதலாவது, கைக்குழந்தையோடு வீட்டிலுள்ளோர் தமக்கு இயல்பான மொழியிலேயே முகம்பார்த்துப் பேசுக. இரண்டாவது, பாட்டன் பாட்டிமாரை, "குழந்தையிடம் நம் பாஷை பேசாதீர்கள்" என்று ஒருபோதும் தடுக்கற்க. மூன்றாவது, மொழி தெரியாது வளர்ந்துவிட்ட பிள்ளைகள் நாளைக்குப் பத்துச் சொல்லேனும் முதியோரிடம் கேட்டுக் கற்க. உண்ணல், உறங்கல், நோதல், நீர் வேண்டல் ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களை முதலிற் கற்க. நான்காவது, ஆசிரியத் தொழிலிலுள்ள நம்மவர், யாம் அன்று சொன்னதை எந்தத் தாய்க்கும் சொல்லாதிருக்க.

அப்பேத்தியைப் பற்றி ஒரு சொல். அன்றுமுதல் அவள் மாலைதோறும் எம் தாயிடம் வந்து நம் மொழி கற்றாள். நான்கு திங்களில், "சாப்பிட்டேன் பாட்டி; நீங்கள் சாப்பிடுங்கள்" என்று சொல்லுமளவிற்குத் தேர்ந்தாள். முதல் நாள் அதனைக் கேட்ட கிழவியார் விடையொன்றும் கூறாது இடக்கையால் அவள் கன்னத்தைத் தடவினார். அவர் மேலும் ஓராண்டு இருந்தார். அவ்வோராண்டில் அவ்விருவரும் பேசியது மிகச் சிலவே; ஆனால் ஒருவரையொருவர் அறியாமற் பேசியது ஒன்றுமில்லை.

வீட்டு மொழி வாழ்க! தமிழ் வாழ்க!